அப்போ மத்த புள்ளைங்க?



டிசம்பர் வந்துவிட்டால் காரைக்கால் கடைத்தெருவில் காகித நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும். கேக், கேரல், குடில் என்று எல்லாரும் எழுதுவார்கள். நானும் அந்த மாதிரி ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வேறு ஒன்று ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கிறிஸ்தவன் இல்லை. எங்கள் வீட்டில் மாரியம்மன்தான். ஆனால் காரைக்காலில் வளர்ந்தவனுக்கு இந்தக் கோடெல்லாம் அவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்காது. ஆனி மாதம் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்க முண்டியடிப்போம். மஸ்தான் சாகிப் கந்தூரிக்கு ஊர்வலம் பார்க்க நிற்போம். டிசம்பரில் மாதா கோயிலில் குடில் பார்க்கப் போவோம். எங்கள் ஊர் மாதா கோயிலின் முழுப்பெயர் தேற்றரவு அன்னை ஆலயம். தேற்றரவு என்றால் ஆறுதல். சின்ன வயதில் அது ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் :-)

கஷ்ட காலத்தில் ஆறுதல் தருவதற்கு ஏசு பிறந்த கதை மாதிரி ஒரு கதை கிடையாது என்பது என் கருத்து. ஆனால் வாழ்த்து அட்டையில் அச்சடிக்கிற காரணங்களுக்காக இல்லை. அந்தக் காரணங்கள் எங்கள் கடற்கரையில் செல்லுபடியாகாது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை நம் நேரப்படி ஆறரை மணி வாக்கில் சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் நிலநடுக்கம். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் எங்கள் கரைக்கு வந்துவிட்டது. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு, அக்கம்பேட்டை, மண்டபத்தூர் என்று மீனவ கிராமம் எதுவும் தப்பவில்லை. காரைக்கால் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 500 பேர் இறந்தார்கள். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கும் மேல். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்காக வந்து, காலையில் கடற்கரையில் நின்றிருந்த யாத்ரீகர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள்.

எனக்கு அப்போது மூன்று மாதம். ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஞாபகம் இருக்கிற ஒருவர் இருக்கிறார். என் அத்தை, அப்பாவின் அக்கா. அவருக்கு நாலு வயதில் ஒரு பெண் இருந்தாள். அன்றைக்குக் காலையில் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். கை மட்டும்தான் திரும்பி வந்தது என்பார். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

இரண்டு வருடம் முன்பு கிறிஸ்துமஸ் சாயந்திரம் அத்தையைக் குடில் பார்க்கக் கூட்டிப் போனேன். என் வகுப்பு நண்பன் ஒருவன் அந்தப் பங்கைச் சேர்ந்தவன். வைக்கோல் போட்டு, ஆடு மாடு வைத்து, மின்விளக்கு கட்டி எல்லாம் அழகாகச் செய்திருந்தார்கள். அவன் ஆர்வமாக அத்தைக்குக் கதை சொல்ல ஆரம்பித்தான். சத்திரத்தில் இடம் கிடைக்காதது, மாட்டுத் தொட்டியில் குழந்தையைக் கிடத்தியது, இடையர்கள் வந்தது, ஞானிகள் வந்தது, ஏரோது ராஜாவுக்குப் பொறாமை வந்து பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னது, அதற்குள் சூசையப்பருக்குக் கனவில் எச்சரிக்கை வந்து குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டது... "இப்படித்தான் ஆன்ட்டி, குழந்தை தப்பிச்சுது" என்று முடித்தான்.

அத்தை கொஞ்ச நேரம் குடிலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

"இந்தப் புள்ளைய தூக்கிக்கிட்டு ஓடிட்டாங்க, சரி. அப்போ மத்த புள்ளைங்க?"

அவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். இது சாதாரணக் கேள்வி இல்லை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுக்கக் கேட்கப்பட்ட கேள்வியே இதுதான். வேளாங்கண்ணி பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, உள்ளே பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், அது மாதாவின் புதுமை என்று அன்றிலிருந்து சொல்கிறார்கள். பிழைத்தவர்கள் நன்றி சொல்வதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. நானாக இருந்தாலும் சொல்வேன். ஆனால் அதையே எல்லாருக்குமான ஆறுதலாக எடுத்து நீட்டும்போது ஒரு சிக்கல் வருகிறது. கடற்கரையில் நின்றவர்களும் அதே மாதாவைப் பார்க்கத்தானே கேரளாவிலிருந்தும் எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்தார்கள்? உள்ளே இருந்தவனைக் காப்பாற்றினார் என்று சொன்னால், வெளியே இருந்தவனின் அம்மாவுக்கு நாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

"நாங்கள் தப்பினோம்" என்கிற ஆறுதல் தப்பியவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு அது இன்னொரு அடி.

குடில் கதையும் அப்படித்தானோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு குழந்தை தப்பியது, மற்றதெல்லாம் கணக்கில் இல்லை என்று. ஒருநாள் நண்பனோடு போய், அங்கே இருந்த வயதான ஃபாதர் ஒருவரிடம் கேட்டேவிட்டோம். திட்டுவாரோ என்று பயந்துகொண்டுதான் போனோம். அவர் திட்டவில்லை. "உங்க அத்தை சரியான இடத்தில்தான் நிறுத்தியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு மத்தேயு நற்செய்தியை எடுத்துக் காட்டினார்.

கதை குழந்தை தப்பியதோடு முடியவில்லை. மத்தேயு அந்த மற்றப் பிள்ளைகளை விட்டுவிடவில்லை. உடனே அடுத்த வரிகளில் அவர்களுக்காக அழுகிற ஒரு அம்மாவைக் கொண்டுவருகிறார். ராகேல் என்று பெயர். யூதர்களின் ஆதித் தாய்மாரில் ஒருத்தி. எரேமியா என்கிற பழைய தீர்க்கதரிசியின் புத்தகத்தில் தன் பிள்ளைகளுக்காக அழுகிறவள். அவள் ஆறுதலை ஏற்றுக்கொள்ள மறுக்கிறாள், ஏனென்றால் பிள்ளைகள் இல்லை. அவ்வளவுதான். அவளை யாரும் சமாதானப்படுத்தவில்லை. தேவதூதர் யாரும் வந்து விளக்கம் சொல்லவில்லை. மத்தேயு அந்த அழுகையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறார்.

இன்னொன்றும் ஃபாதர் சொன்னார். கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28, அந்தக் குழந்தைகளுக்கென்றே திருச்சபை வைத்திருக்கிற நாள். மாசில்லாக் குழந்தைகள் திருவிழா என்று பெயர். குடில் அப்போதும் பிரிக்காமல்தான் இருக்கும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு முன்னால்தான் அந்த வாசகத்தைப் படிக்கிறார்கள்.

கடைசியாக அவர் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுழற்சியில் வரும். கிறிஸ்துமஸை அடுத்து வரும் ஞாயிறு திருக்குடும்பத் திருவிழா. 2004-ல் அந்த ஞாயிறு டிசம்பர் 26-ல் வந்தது. அந்த வருடச் சுழற்சிப்படி அன்றைக்கு உலகம் முழுக்கப் படிக்கக் குறித்திருந்த நற்செய்தி, சூசையப்பர் ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிற பகுதி. எங்கள் ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே காலையில்! இதற்கு நான் ஒரு அர்த்தமும் கற்பிக்கப் போவதில்லை. அந்தப் பட்டியல் எப்போதோ போட்டு வைத்தது, தற்செயல்தான். ஆனால் அந்தக் கதை எங்களுக்கு அந்நியம் இல்லை என்று மட்டும் புரிந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார். ராகேல் கதையைக் கேட்டுவிட்டு, "எந்தத் தேதி சொன்ன?" என்றார். இருபத்தெட்டு என்றேன். "அன்னைக்கும் நாங்க தேடிக்கிட்டுதான் இருந்தோம்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆறுதல் வேணாம்னு சொன்னாளா அவ? நல்ல பொம்பள" என்றார்.

நான் அத்தையோடு இருபது வருடமாக இருக்கிறேன். அந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு லேசான தன்மையை அன்றைக்குத்தான் பார்த்தேன். யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. இத்தனை வருடம் ஆறுதல் சொன்னவர்கள் யாராலும் ஆகாதது, ஆறுதல் வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியால் ஆகியிருக்கிறது.

சுனாமிக்கு மூன்று வருடம் கழித்து அத்தைக்கு ஒரு பையன் பிறந்தான். ஊரில் எல்லாரும் "போனது திரும்பி வந்துடுச்சு" என்றார்களாம். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அத்தை எழுந்து உள்ளே போய்விடுவாராம். தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டு, பிறகு சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு, மறுபடி குழந்தை பெற வசதியாக மறுசீரமைப்பு அறுவை சிகிச்சைக்கு அரசே 2005-ல் ஏற்பாடு செய்தது. நாகை பக்கம் அப்படிப் பிறந்த பிள்ளைகள் இப்போது என் தம்பி வயதில் இருக்கிறார்கள். அது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள். புதுப் பிள்ளை புதுப் பிள்ளைதான். பழைய பிள்ளையின் இடத்தில் வந்து உட்காராது.

நான் பி.காம் படிக்கிறவன். எங்களுக்கு முதல் வருடத்திலிருந்து சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதான்: பற்றும் வரவும் சமமாக வேண்டும். ஐந்தொகை ஒத்துவரவில்லை என்றால் எங்கோ தப்பு, ராத்திரி முழுக்க உட்கார்ந்தாவது கண்டுபிடிக்க வேண்டும். வசூலாகாத கடனைக்கூட வாராக்கடன் என்று எழுதித் தள்ளிக் கணக்கை முடித்துவிடலாம். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். இங்கே ஒன்று போனது, அங்கே ஒன்று வந்தது, ஆக நேர். எல்லாம் நன்மைக்கே. ஆண்டவன் ஒரு கதவை அடைத்தால் மறுகதவைத் திறப்பான்.

ஏசு பிறப்புக் கதை அந்தக் கணக்கைப் போடவில்லை. அதனால்தான் அதை நம்ப முடிகிறது. குழந்தை பிறந்தது சந்தோஷம், அதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் போனது துக்கம், அதை இன்னொரு பக்கம் எழுதியிருக்கிறது. ஒன்றை வைத்து ஒன்றைக் கழிக்கவில்லை.

சரி, அப்படியானால் ஆறுதல் எங்கே, நம்பிக்கை எங்கே என்று கேட்பீர்கள். துக்கத்தை மறைக்காமல் சொல்வது மட்டுமே ஆறுதலாகிவிடுமா? நியாயமான கேள்வி. இதற்கும் எனக்குப் பதில் அத்தையிடமிருந்துதான் வந்தது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். நிவாரணத்துக்குப் பெயர் எழுத வரிசையில் நிற்க வேண்டும். (மரியாளும் சூசையப்பரும் பெத்லகேமுக்குப் போனதும் பேர் எழுதத்தான் என்கிறது லூக்கா நற்செய்தி. கஷ்டப்படுகிறவனை எந்த ராஜ்ஜியமும் முதலில் வரிசையில்தான் நிறுத்தும் போலிருக்கிறது.) அம்மா வரிசைக்குப் போகும்போது என்னை அத்தை மடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அத்தை அப்போது யாரோடும் பேசாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். நான் பசியில் கத்தியிருக்கிறேன். மண்டபத்தில் எல்லாருக்கும் அவரவர் துக்கம், யாரும் வரவில்லை. கடைசியில் அத்தை எழுந்து, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். அன்று சாயந்திரம்தான் முதல்முறையாக ஒரு வாய் கஞ்சி குடித்தாராம்.

"உன்னால என் துக்கம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காத. நீ அழுத, நான் எழுந்தேன், அவ்ளோதான்" என்று அத்தை என்னிடம் கறாராகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்தக் குடில் இப்போது இப்படித்தான் தெரிகிறது. கஷ்டத்தில் இருக்கிறவர்கள் சாமியிடம் எதிர்பார்ப்பது பலத்தை. வந்து காப்பாற்று, அலையை நிறுத்து, எதிரியை ஒழி என்று. இந்தக் கதையில் வருவதோ பசித்தால் கத்துகிற ஒரு கைக்குழந்தை. அது யாரையும் தூக்காது, அதைத்தான் யாராவது தூக்க வேண்டும். சூசையப்பர் பயந்துபோயிருக்கலாம், மரியாள் களைத்துப்போயிருக்கலாம். ஆனால் குழந்தை அழுதால் எழுந்துதானே ஆக வேண்டும்? நம்பிக்கை என்பது மனசுக்குள் தானாக ஊறுகிற ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நம்மை நம்பி ஒன்று மடியில் வந்து விழும்போது, வேறு வழியில்லாமல் எழுந்து நடக்கிறோமே, அதற்குப் பெயர்தான் நம்பிக்கை என்று தோன்றுகிறது.

அப்புறம் இடம். சத்திரத்தில் இடமில்லை, ஆனால் ஒரு மாட்டுத் தொட்டி கிடைத்தது. பெரிய உதவி ஒன்றும் இல்லை. சுனாமி சமயத்தில் இந்தக் கரையில் எத்தனை பேர் அப்படி இடம் கொடுத்தார்கள்! பள்ளிக்கூடங்கள், மண்டபங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள் எல்லாம் திறந்துவிடப்பட்டன. நாகூர் தர்காவில் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்ததோடு, இறந்தவர்களை மதம் பார்க்காமல் தர்கா நிலத்தில் அடக்கம் செய்யவும் இடம் கொடுத்தார்கள். இது எதுவும் கடலைத் திருப்பி அனுப்பவில்லைதான். ஆனால் எங்கள் ஊரில் அந்த நாட்களைப் பற்றிப் பேசுகிற பெரியவர்கள் அலையைப் பற்றி ரெண்டு வார்த்தைதான் சொல்வார்கள். யார் சோறு போட்டார்கள், யார் பாய் கொடுத்தார்கள் என்பதை அரைமணி நேரம் சொல்வார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் தோன்றுகிற விஷயமும் இல்லை. 2023 டிசம்பரில் காசாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஏசு பிறந்த அதே பெத்லகேமில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்களை ரத்து செய்துவிட்டார்கள். அங்கே உள்ள லூத்தரன் ஆலயத்தில் குடிலுக்கு வைக்கோல் போடவில்லை. உடைந்த கான்கிரீட் துண்டுகளைக் குவித்து, அதன் நடுவில் குழந்தை ஏசுவைக் கிடத்தினார்கள். அந்தப் படத்தைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள், பண்டிகையில் ஏன் சாவைக் கலக்குகிறீர்கள் என்று. என்னைக் கேட்டால், கலந்தது அவர்கள் இல்லை. மத்தேயு எழுதியபோதே கலந்துதான் இருந்தது. நாம்தான் ஏரோதைத் தூக்கிவிட்டு மூலையில் பஞ்சில் பனி செய்து வைத்துக்கொண்டோம்.

என் கதையையும் ரெண்டு வரி சொல்லி முடிக்கிறேன். போன வருடம் எங்கள் ஃபைபர் படகு எஞ்சின் போய், வட்டிக்கு வாங்கிச் சரிசெய்து, மறுபடி போய், கடைசியில் படகையே விற்றுவிட்டோம். அப்பா இப்போது அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். படிப்பை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அப்போது நிறையப் பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று. எப்படிச் சரியாகும் என்று யாருக்கும் தெரியாது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மீன் விற்ற காசில் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டச் சொல்லிக் கையில் கொடுத்தார். மடித்து மடித்து, மீன் வாசத்தோடு. எனக்கு மாட்டுத் தொட்டி அதுதான். கடன் இன்னும் தீரவில்லை. நான் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் ஏதாவது கஷ்டத்தில் இருக்கலாம். இந்த வருடம் யாரையாவது இழந்திருக்கலாம். பண்டிகை வந்துவிட்டதே, சந்தோஷமாக இருக்க வேண்டுமே என்று உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள். அந்தக் குடிலுக்கு முன்னால் அழுகிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. அழுகையை நிறுத்தச் சொல்லாத ஒரு கதை அது. அதே சமயம், பக்கத்தில் எங்காவது ஒரு குழந்தை கத்துகிறதா என்று ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 26 காலையில் எப்போதும் போல நாங்கள் கடலுக்குப் பூவும் பாலும் எடுத்துப் போவோம். அத்தை முன்னால் போவார், நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். போன வருடத்திலிருந்து ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி சாயந்திரம் அத்தை மாதா கோயிலுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறார். குடில் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. அந்தப் பிள்ளைக்கு இல்லையாம், மத்த பிள்ளைகளுக்காம்.

எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.